கேள்வி – பதில்: பழைய டூல் அண்ட் கட்டர் கிரைண்டர்

மில்லிங் கட்டரையும் எண்ட் மில்லையும் வெளியே கொடுத்துச் சாணை பிடித்து வாங்குவதற்குப் பதில், பழைய டூல் அண்ட் கட்டர் கிரைண்டர் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கும் பட்டறைக்காரர்கள் நிறைய எழுதுகிறார்கள். வாங்கிவிட்டுத் திணறுகிறவர்களும் எழுதுகிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்காக.

மூடிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து எச்.எம்.டி. டூல் அண்ட் கட்டர் கிரைண்டர் விற்பனைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
– லேத் பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

மெஷினைப் பார்ப்பதற்கு முன் அதோடு வரும் சாமான்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வொர்க் ஹெட் (கட்டரைப் பிடிக்கும் தலை), இடது வலது டெயில்ஸ்டாக்குகள் (இரு முனையிலும் தாங்குபவை), டூத் ரெஸ்ட்டும் (பல்லைத் தாங்கும் தகடு) அதன் பிராக்கெட்டுகளும், சென்டர் உயரம் பார்க்கும் கேஜ், வீல் அடாப்டர்கள், அடாப்டரைக் கழற்றும் புல்லர், வீல் கார்டுகள், கட்டர் மாட்டும் ஆர்பர்கள். இவை இல்லாத மெஷின் வெறும் மோட்டாரும் டேபிளும்தான். கைமாறும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான். அடாப்டரையும் ஆர்பரையும் நீங்களே கடைந்துகொள்ளலாம். டூத் ரெஸ்ட் பிளேடு செய்வது அரை நாள் வேலை. வொர்க் ஹெட் இல்லையென்றால் மட்டும் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம், பிடித்தாலும் சென்டர் உயரம் ஒத்துவர வேண்டும்.

அந்த உயரத்தை அங்கேயே பாருங்கள். பல மெஷின்களின் சாமான்களைக் கலந்து ஒரு செட்டாக விற்பது பழைய மெஷின் வியாபாரத்தில் சகஜம். 300 மி.மீ. டெஸ்ட் பாரை (துல்லியமாகக் கடைந்த நேர் உருளை) இரண்டு டெயில்ஸ்டாக்குகளுக்கு நடுவில் மாட்டி, டயல் கேஜை வீல் ஹெட்டில் (வீல் சுழலும் தலை) ஊன்றி, முள்ளைப் பாரின் மேல்பக்கம் வைத்து டேபிளை ஓட்டுங்கள். இரு முனைகளுக்கும் வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.1 மி.மீ.யைத் தாண்டினால் ஒரு டெயில்ஸ்டாக் வேறு மெஷினுடையது, இல்லையென்றால் அடிப்பக்கம் அடிபட்டிருக்கிறது.

அடுத்தது ஸ்பிண்டில். அடாப்டரைக் கழற்றிவிட்டு டேப்பரைத் துடைத்து, டயல் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். ரன் அவுட் (சுற்றும்போது முள் ஆடும் அளவு) 0.005 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் முள் அசையவே கூடாது. கிண்ண வடிவக் கப் வீல் முகத்தால் வெட்டுகிறது என்பதால் இந்த நீளவாட்டு ஆட்டம் நேராகப் பல்லின் மேல் பதியும். பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டு ஸ்பிண்டில் உறையைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். சுவிட்சை அணைத்ததும் காதைக் கொடுங்கள். வேகம் குறையக் குறையக் கரகரப்பு கேட்டால் பேரிங் ஓடுபாதையில் குழி விழுந்திருக்கிறது.

கடைசியாக, ஹேண்ட் வீல் டயலில் உள்ள கோடுகள். எச்.எம்.டி., செகந்திராபாத் பிராகா மெஷின்களில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சின்சினாட்டி, கிளார்க்சன் போன்ற பழைய அமெரிக்க, இங்கிலாந்து மெஷின்களில் ஒரு கோடு ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதாவது 0.0254 மி.மீ. இதைக் கவனிக்காமல் ஒரு கோட்டை 0.01 மி.மீ. என்று நினைத்து வீலை ஏற்றினால் இரண்டரை மடங்கு ஆழம் போய்க் கட்டர் கருகிவிடும்.

வாங்கியாகிவிட்டது. டேபிள் நடுவில் லூசாகவும் இரு முனைகளில் இறுக்கமாகவும் ஓடுகிறது. ஜிப்பை இறுக்கினால் முனையில் நின்றே விடுகிறது.
– வாசகர், கணபதி, கோவை

டேபிள் பல காலம் நடுப்பகுதியிலேயே முன்னும் பின்னும் ஓடியிருக்கிறது, அங்கேதான் தேய்மானம். ஜிப், அதாவது ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை, அதை இறுக்குவது இதைத் தீர்க்காது. முனைகளில் தடையில்லாமல் ஓடும் அளவுக்கு ஜிப்பை வைத்துவிட்டு, நடுவில் எவ்வளவு ஆட்டம் என்று டயல் வைத்துப் பாருங்கள். 0.02 மி.மீ. வரை என்றால் பயப்படாமல் வேலை பாருங்கள், ஏனென்றால் கட்டர் சாணையில் ஒரே சமயத்தில் பயன்படுவது டேபிளின் 50 முதல் 100 மி.மீ. தூரம்தான். வொர்க் ஹெட்டை டேபிளில் சற்றுத் தள்ளி மாட்டினால் தேயாத பகுதியில் வேலை நடக்கும். அதற்கு மேல் என்றால் ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டித் தளத்தைச் சமமாக்குவது) தெரிந்த ஆளிடம் கொடுப்பதே வழி.

உங்கள் மெஷின் டேபிள் குண்டுகளின் மேல் ஓடும் வகையாக இருந்தால் கதை வேறு. டேபிளைத் தூக்கினால் இரண்டு வரிசைக் குண்டுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் தகடும் தெரியும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, குண்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் தேய்ந்திருந்தாலும் மொத்தத்தையும் மாற்றுங்கள். பழையவற்றுக்கு நடுவில் நான்கு புதுக் குண்டுகள் போட்டால், சற்றே பெரிய அந்த நான்கின் மேல்தான் முழு டேபிளும் நிற்கும். கொஞ்ச நாளில் பாதையில் பள்ளம் விழும். பிறகு மெல்லிய ஸ்பிண்டில் ஆயில் தடவினால் போதும். கிரீஸ் வேண்டவே வேண்டாம், வீல் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எங்கள் ஷெட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மெஷினில் 415 வோல்ட் 1 எச்.பி. மோட்டார். வி.எஃப்.டி. போட்டால் ஓடுமா?
– வாசகர், திண்டுக்கல்

ஓடும், ஒரு வேலை செய்தால். சிங்கிள் ஃபேஸில் ஓடும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) வெளியே கொடுப்பதும் 230 வோல்ட்தான். ஃபேஸ் மட்டும் மூன்று. 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை அப்படியே மாட்டினால் சுற்றும், ஆனால் பலம் இருக்காது. அதே காயிலை டெல்டாவில் இணைத்தால் அதன் வோல்டேஜ் 415-ஐ 1.73-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 240. டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் இணைப்புத் தகடுகளை மாற்றிப் போட்டால் முடிந்தது. மூன்று வயர் மட்டும் வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே கட்டியிருக்கும். வைண்டிங் ஆளிடம் கொடுத்து அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். போன கையோடு மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பதும் அவசியம். மழையில் கிடந்த மோட்டார் 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், உலர்த்தாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

டெல்டாவில் மோட்டார் இழுக்கும் கரண்ட் 1.73 மடங்கு ஆகும். ஸ்டாரில் 1.8 ஆம்பியர் என்று பிளேட்டில் இருந்தால் வி.எஃப்.டி.யில் 3.1 ஆம்பியர் என்று கொடுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்க வேண்டாம். ஆன், ஆஃப் எல்லாம் வி.எஃப்.டி.யின் கன்ட்ரோல் வயர் வழியாகவே நடக்கட்டும்.

நிற்கும் நேரத்தை 8 முதல் 10 விநாடி வரை வையுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. சட்டென்று பிரேக் போட்டால் ஸ்பிண்டில் நின்றுவிடும், வீல் அதன் வேகத்தில் சுற்றப் பார்க்கும், நட்டு கழன்றுகொள்ளும். இரண்டு பக்கமும் வீல் மாட்டும் ஸ்பிண்டிலில் ஒரு பக்கம் இடது மரை இருப்பதே ஓடும் திசையில் நட்டு இறுகிக்கொண்டே இருக்கத்தான். அதனால் ரிவர்ஸ் பட்டனையும் வி.எஃப்.டி.யில் பூட்டிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றவும் கூடாது. விநாடிக்கு 30 மீட்டரில் ஓடும் வீல் 60 ஹெர்ட்ஸில் 36 மீட்டருக்குப் போகும். சாதாரண விட்ரிஃபைட் வீலில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் பெரும்பாலும் 33 மீட்டர்தான்.

ஆரம்பத்தில் என்னென்ன வீல் வாங்கி வைக்க வேண்டும்?
– ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டர்களுக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு வீல், 46 அல்லது 60 கிரிட், கடினம் ஜே அல்லது கே (எழுத்து பின்னால் போகப் போகக் கடினம் கூடும்). வடிவத்தில் மூன்று போதும்: 100 மி.மீ. ஃபிளேரிங் கப், 150 மி.மீ. நேர் வீல், 100 அல்லது 150 மி.மீ. டிஷ். பல்லின் மேல்பக்கத்துக்குக் கப், நீளக் கட்டருக்கும் ஸ்லிட்டிங் ஸாவுக்கும் நேர் வீல், பல்லின் முகத்துக்கும் பள்ளத்துக்கும் டிஷ். சென்னையின் கார்போரண்டம் யூனிவர்சல், கிரைண்ட்வெல் நார்ட்டன் இரண்டிலுமே இவை கிடைக்கும். கடைக்காரர் "கொஞ்சம் ஹார்டா இருந்தா நாள் வரும்" என்று எம், என் கிரேடு கொடுத்தால் வாங்காதீர்கள். கடின வீல் மழுங்கிய மணிகளை உதிர்க்காது. தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றும்.

வீலைக் கையில் எடுத்ததும் கணக்குப் போடுங்கள். விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14-ஆலும் ஆர்.பி.எம்.மாலும் பெருக்கி 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 100 மி.மீ. வீல் 6000 ஆர்.பி.எம்.மில் 31.4 மீட்டர், ஓட்டலாம். 150 மி.மீ. வீல் 4500-இல் 35.3 மீட்டர், ஓட்டக் கூடாது. பெல்ட் எந்தப் படியில் கிடக்கிறது என்று பார்க்காமல் பெரிய வீலை மாட்டுவதுதான் இந்த மெஷினில் நடக்கும் மிக ஆபத்தான தவறு.

மாட்டுவதற்கு முன் வீலை விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையான சத்தம் வந்தால் விரிசல். ரெசின் வீலில் இந்தச் சத்தம் வராது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். காகித வாஷரைக் கிழித்துப் போடாதீர்கள், ஃபிளாஞ்ச் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான். மாட்டிய பின் கார்டை மூடி, ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

ஒவ்வொரு வீலுக்கும் ஒரு அடாப்டர் என்று ஒதுக்கிவிடுங்கள். டிரஸ் செய்த (முகத்தைச் சீவிப் புதிதாக்கிய) வீலை அடாப்டரோடு சேர்த்தே கழற்றி, சேர்த்தே மாட்டினால் மறுபடி டிரஸ்ஸிங்கில் வீலைத் தின்ன வேண்டியதில்லை.

கிளியரன்ஸ் கோணம் எப்படி வைப்பது? கண் மதிப்பில் வைக்கிறோம். ஒரு கட்டர் நன்றாக வெட்டுகிறது, அடுத்தது தேய்க்கிறது.
– மில்லிங் ஆபரேட்டர், ராணிப்பேட்டை

கிளியரன்ஸ் என்பது பல் உரசாமல் இருக்கக் கூருக்குப் பின்னால் கொடுக்கும் சரிவு. கண் மதிப்பை விட்டுவிடுங்கள், இதற்கு ஒரே பெருக்கலில் விடை வரும். கப் வீலில் சாணை பிடிக்கும்போது, பல்லின் முகம் கீழ்நோக்கி டூத் ரெஸ்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். டூத் ரெஸ்ட்டின் நுனி கட்டரின் சென்டருக்கு நேராக இருந்தால் கிளியரன்ஸ் பூஜ்யம். நுனியை எவ்வளவு கீழே இறக்குகிறீர்களோ அவ்வளவு கோணம். இறக்க வேண்டிய தூரம்: கட்டர் விட்டம் × கோணம் × 0.0087.

100 மி.மீ. சைடு அண்ட் ஃபேஸ் கட்டருக்கு 5 டிகிரி வேண்டுமானால் 4.35 மி.மீ. இறக்க வேண்டும். 20 மி.மீ. எண்ட் மில்லுக்கு 10 டிகிரி என்றால் 1.74 மி.மீ. 12 மி.மீ. எண்ட் மில்லுக்கு 12 டிகிரி என்றால் 1.25 மி.மீ. உங்கள் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அரை மி.மீ. தவறினால் 100 மி.மீ. கட்டரில் அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் மாறும், வெட்டிவிடும். அதே அரை மி.மீ. 12 மி.மீ. கட்டரில் ஏறக்குறைய 5 டிகிரி. கட்டர் சிறிதாக ஆக ஆகச் செட்டிங் கறாராக இருக்க வேண்டும்.

செட்டிங்கை இப்படிச் செய்யுங்கள். சென்டர் கேஜை டேபிளில் வைத்து டூத் ரெஸ்ட் நுனியைச் சென்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து, பிராக்கெட்டை வீல் ஹெட்டில் இறுக்குங்கள். பிறகு வீல் ஹெட்டை ஹேண்ட் வீலால் கணக்கிட்ட அளவு இறக்குங்கள். டூத் ரெஸ்ட்டும் கூடவே இறங்கும். ஹேண்ட் வீலில் பேக்லாஷ் (திசை மாற்றும்போது வரும் வெற்றுச் சுற்று) இருக்கும் என்பதால் எப்போதும் ஒரே திசையில் சுற்றி வந்து நிறுத்துங்கள். தவறி மேலே ஏற்றிவிட்டால் கூருக்குப் பின்னால் உள்ள முதுகு உயர்ந்து நிற்கும். அந்தக் கட்டர் வெட்டவே வெட்டாது.

நேர் வீலில் கணக்கு வேறு. டூத் ரெஸ்ட்டை டேபிளில், கட்டர் சென்டர் உயரத்தில் மாட்டி, வீல் சென்டரை மேலே ஏற்ற வேண்டும். பெருக்கலில் கட்டர் விட்டத்துக்குப் பதில் வீல் விட்டம் வரும். 150 மி.மீ. வீலுக்கு 5 டிகிரி என்றால் 6.5 மி.மீ. வீல் தேய்ந்து 130 ஆனால் 5.65 மி.மீ. மாதக்கணக்கில் பழைய அளவையே வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எத்தனை டிகிரி வைப்பது என்றால், ஸ்டீல் வெட்டும் எச்.எஸ்.எஸ். கட்டரில் 75 மி.மீ.க்கு மேல் 5 அல்லது 6, 20 மி.மீ. அளவில் 9 அல்லது 10, 12 மி.மீ.க்கு 12, அதற்குக் கீழே இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். அலுமினியத்துக்கு எல்லாவற்றிலும் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளலாம். முதல் கிளியரன்ஸின் அகலம் 20 மி.மீ. எண்ட் மில்லில் 1 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 8 முதல் 10 டிகிரி கூட்டி இரண்டாம் கிளியரன்ஸ் எடுத்து அகலத்தைக் குறையுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க: அந்த 20 மி.மீ. எண்ட் மில்லை வொர்க் ஹெட்டிலேயே வைத்து, டயல் முள்ளைக் கூரின் மேல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். 10 டிகிரியும் 1 மி.மீ. அகலமும் இருந்தால், கூரிலிருந்து லேண்டின் (கூருக்குப் பின்னுள்ள அந்த 1 மி.மீ. பட்டை) பின் ஓரம் போவதற்குள் முள் 0.12 மி.மீ. இறங்க வேண்டும்.

முறுக்குப் பல் எண்ட் மில் பிடித்தால் ஒரு முனை பருத்து ஒரு முனை சிறுத்து வருகிறது. நான்கு பல்லும் ஒரே உயரத்தில் இல்லை. எங்கே தவறு?
– டூல் ரூம் பொறுப்பாளர், ஸ்ரீபெரும்புதூர்

இரண்டும் வேறு வேறு தவறுகள்.

பருமன் மாறுவதற்குக் காரணம், கட்டரின் அச்சும் டேபிள் ஓடும் திசையும் இணையாக இல்லாததுதான். மேல் டேபிளில் உள்ள டிகிரிக் கோட்டைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கோடு தோராயத்துக்குத்தான். வொர்க் ஹெட்டில் டெஸ்ட் பார் மாட்டி, பக்கவாட்டில் டயல் ஓட்டி, 100 மி.மீ.க்கு 0.01 மி.மீ. வரும்வரை மேல் டேபிளைத் தட்டித் திருத்துங்கள். பிறகு அதே பாரின் மேல்பக்கமும் ஓட்டுங்கள். வொர்க் ஹெட் தலை குனிந்திருந்தால் சென்டர் உயரம் வழியெல்லாம் மாறி, கிளியரன்ஸ் கோணமும் கட்டர் நீளத்தில் மாறிக்கொண்டே போகும்.

பற்கள் உயரம் மாறுவதற்குப் பெரும்பாலும் வீல் தேய்மானம் காரணம். முதல் பல்லைப் பிடிக்கும்போது இருந்த வீல் நான்காவது பல்லுக்கு வரும்போது இல்லை. கொஞ்சம் தேய்ந்திருக்கும், அதனால் கடைசிப் பல் உயர்ந்து நிற்கும். முதல் சுற்று முடிந்ததும் கட்டரை அரைச் சுற்றுத் திருப்பி, எதிர்ப் பல்லிலிருந்து அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். கடைசிச் சுற்றில் வீலை ஏற்றாமல் பொறி அடங்கும்வரை இரண்டு தடவை ஓட்டுங்கள். பற்களுக்குள் வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் வந்துவிடும்.

முறுக்குப் பல்லில் இதைவிட முக்கியமானது டூத் ரெஸ்ட்டின் இடம். நேர்ப் பல் கட்டருக்கு அதை டேபிளில் மாட்டலாம். முறுக்குப் பல்லுக்கு வீல் ஹெட்டில்தான் மாட்ட வேண்டும், அதுவும் வீல் தொடும் புள்ளிக்கு நேர் எதிரே. டேபிள் நகரும்போது நீங்கள் பல்லை ரெஸ்ட்டின் மேல் அழுத்திப் பிடிக்க, கட்டர் தானாகச் சுற்றிக்கொடுக்கும். வீல் தொடும் இடத்துக்கு 2 மி.மீ. தள்ளி ரெஸ்ட் நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். 30 டிகிரி முறுக்கு, 20 மி.மீ. கட்டர். அந்த 2 மி.மீ. நகர்வில் பல் சுற்றளவில் 1.15 மி.மீ. திரும்பியிருக்கும், கோணத்தில் அது 6.6 டிகிரி. நீங்கள் 10 டிகிரிக்குக் கணக்குப் போட்டு வைத்தது ஒரு பக்கம் தள்ளினால் மூன்றரை, மறுபக்கம் தள்ளினால் பதினாறரை.

அதனால் ரெஸ்ட் பிளேடின் தலை குறுகலாக, லேசான கூம்பாக இருக்கட்டும். உச்சியில் எண்ணெய்க் கல்லால் மழமழப்பாக்குங்கள். கப் வீலின் விளிம்பையும் டிரஸ்ஸிங் குச்சியால் 2 மி.மீ. அகலத்துக்குக் குறைத்துவிடுங்கள். பல்லில் மார்க்கர் மை பூசி, வீலை மெல்லத் தொடவைத்து, மை எங்கே அழிகிறது என்று பார்த்தால் ரெஸ்ட் உச்சி நேராக இருக்கிறதா என்பது உடனே தெரியும்.

வீல் ஹெட்டை ஒரு டிகிரி திருப்பி வைப்பதையும் மறக்காதீர்கள். திருப்பாவிட்டால் கப் வீலின் இரண்டு ஓரமும் பல்லைத் தொடும். கப் வீலில் ஒரு ஓரம் மேலே ஏறும், எதிர் ஓரம் கீழே இறங்கும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து எது வெட்டும் என்பது அமைகிறது. இறங்கும் ஓரம் பல்லை ரெஸ்ட்டோடு அழுத்தும், பாதுகாப்பானது. கூரில் சிறு பிசிறு நிற்கும், எண்ணெய்க் கல்லால் ஒரு இழுப்பில் போய்விடும். ஏறும் ஓரம் பிசிறில்லாத கூரைத் தரும், ஆனால் பல்லை ரெஸ்ட்டிலிருந்து தூக்கப் பார்க்கும். கை ஒரு கணம் தளர்ந்தால் கட்டர் சுழன்று பல் உடைந்துவிடும், வீலும் உடையலாம். கை பழகாதவர்கள் இறங்கும் ஓரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

கூர் நீலமாகிறது.
– வாசகர், சிவகாசி

வீல் மழுங்கியிருக்கிறது அல்லது ஆழம் அதிகம். உலர் சாணையில் ஒரு தடவைக்கு 0.02 மி.மீ.க்கு மேல் வேண்டாம், முடிக்கும்போது 0.005. வீல் முகம் பளபளத்தால் உடனே டிரஸ் செய்யுங்கள். டேபிளைப் பல்லின் நடுவில் நிறுத்தாதீர்கள். நீலத்தைக் கல்லால் தேய்த்து மறைப்பதில் பயனில்லை; கருகிய பகுதி உள்ளேயும் போயிருக்கும். மெல்லிய வெட்டுகளாக இன்னும் 0.1 மி.மீ. வரை எடுத்தால் நல்ல உலோகம் வரும்.

கியர் கட்டரைச் சாணை பிடித்த பிறகு வெட்டும் கியரின் பல் வடிவம் மாறிவிடுகிறது.
– கியர் வெட்டும் பட்டறை, கோவை

கியர் கட்டரின் வெளிப்பக்கத்தை ஒருபோதும் தொடாதீர்கள். அது ஃபார்ம் ரிலீவ் செய்த கட்டர், அதாவது பல்லின் வடிவம் பின்னால்வரை அப்படியே தொடரும். பல்லின் முகத்தை மட்டும் டிஷ் வீலால் எடுக்க வேண்டும். முகத்தின் தளம் கட்டரின் சென்டர் வழியாகப் போனால்தான் எத்தனை தடவை பிடித்தாலும் பல் வடிவம் மாறாது. டிஷ் வீலின் தட்டை முகத்தைக் கட்டர் சென்டருக்கு நேராக டயல் வைத்துச் செட் செய்யுங்கள், 0.05 மி.மீ. விலகலைக்கூட விடாதீர்கள். முகம் சென்டரைத் தாண்டிச் சாய்ந்தால் கட்டரின் வடிவம் உயரவாட்டில் மாறி, வெட்டும் பல் மேலோ அடியிலோ பருக்கும்.

இதில் டூத் ரெஸ்ட் பல்லின் முகத்தில் நிற்க முடியாது, முகத்தைத்தான் பிடிக்கிறோம். பின்பக்கத்தில் வைக்க வேண்டும். பின்பக்கங்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லாவிட்டால் பற்கள் ஏறி இறங்கி வரும், ஒன்றிரண்டு பல் மட்டுமே வெட்டும். கட்டர் புதிதாக இருக்கும்போதே, முகத்தை ஆதாரமாக வைத்துப் பின்பக்கங்களை ஒரு சீராக எடுத்து வைத்துவிட்டால் அதன் ஆயுள் முழுக்கக் கவலையில்லை. இன்டெக்ஸ் பிளேட் (சுற்றைச் சமமாகப் பிரிக்கும் தட்டு) இருந்தால் இன்னும் நல்லது. கட்டரைச் சுற்றிக் கொடுக்காமல், வீலைப் பல்லின் பக்கம் நகர்த்தி ஆழம் கொடுக்கலாம் என்று சிலர் செய்வார்கள். முதல் சில மைக்ரானுக்கு அது சரி, அதற்கு மேல் போனால் முகம் சென்டரை விட்டு விலகும்; இன்டெக்ஸைச் சற்றே திருப்பி எல்லாப் பற்களுக்கும் சமமாகக் கொடுப்பதுதான் முறை.

மெஷின் ரீமர் துளையைப் பெரிதாக்காமல் எப்படிப் பிடிப்பது?
– வாசகர், திருச்சி

வெளி விட்டத்தைத் தொடாதீர்கள். துளையின் அளவு அங்கேதான் இருக்கிறது. மெஷின் ரீமரில் வெட்டுவது முனையில் உள்ள 45 டிகிரிச் சரிவு மட்டும். வொர்க் ஹெட்டை 45 டிகிரி திருப்பி, எல்லாப் பற்களின் சரிவும் ஒரே நீளம் வரும்படி பிடியுங்கள். ஒரு பல் நீண்டிருந்தால் ரீமர் அந்தப் பக்கம் சாய்ந்து துளையைப் பெரிதாக்கும். இன்டெக்ஸிங்கும் டயலும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

இதே மெஷினில் கார்பைடு கட்டரும் பிடிக்கலாமா?
– சி.என்.சி. பட்டறை, ஓசூர்

பிடிக்கலாம், ரெசின் பாண்டு டயமண்ட் கப் வீல் போட்டு. உலர் சாணைக்கு விநாடிக்கு 15 முதல் 20 மீட்டர் வேகம் பொருந்தும்; 100 மி.மீ. வீல் 3000 ஆர்.பி.எம்.மில் 15.7 மீட்டர் வரும். ஆழம் 0.01 மி.மீ. போதும். சூடான கார்பைடைத் தண்ணீரில் முக்கினால் நுண்விரிசல் விட்டுப் பிறகு வெட்டும்போது பிய்ந்து போகும். பிரேஸ் செய்த டூலில் கீழே உள்ள ஸ்டீலை முதலில் அலுமினியம் ஆக்சைடு வீலில் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகச் சரித்து விலக்கிவிட்டுத்தான் டயமண்டுக்கு வர வேண்டும். ஸ்டீலில் டயமண்ட் ஓடினால் சூட்டில் அதன் கார்பன் இரும்போடு சேர்ந்து வீல் வீணாகும், முகமும் அடைத்துக்கொள்ளும். எச்.எஸ்.எஸ். வேலை நிறைய இருந்தால் அதற்கு சி.பி.என். (க்யூபிக் போரான் நைட்ரைடு) வீல்.

தூசியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கார்பைடைப் பிணைத்திருப்பது கோபால்ட். அந்தத் தூசி வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் இறுகும் நோய் வருகிறது. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது. வீலுக்கு ஒரு சாண் தூரத்தில் உறிஞ்சு குழாய் வையுங்கள், என்95 அளவாவது உள்ள மாஸ்க் போடுங்கள். கம்பிரஸர் காற்றால் மெஷினை ஊதவே கூடாது. தூசி உங்கள் மூச்சிலும் போகும், டேபிள் ஸ்லைடுக்குள்ளும் போகும். ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிய டப்பாவில் போடுங்கள்.